பிளிங்க், விங்க் – இரண்டுக்கும் ‘கண் சிமிட்டுதல்’ என்றே சொல்லிக் கொடுக்கலாமா?

டியூஷன்_டீச்சர் எழுதியது:

வணக்கம். சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயாவில் மாலை நேரத்தில் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். பழைய பேர் சொன்னால்தான் பலருக்குப் புரியும்: பத்தாங் பெர்ஜுந்தாய். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் சுற்று வட்டாரத் தோட்டங்களில் இருந்து வருகிறவர்கள்.

எஸ்பிஎம் தேர்வின் ஆங்கிலத் தாளுக்கு (1119) ஒரு கதை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி, தலைமையாசிரியர் இருட்டு மண்டபத்திலிருந்து வெயிலுக்கு வந்ததும் தன்னைப் பார்த்து ‘விங்க்’ செய்தார் என்று எழுதியிருக்கிறாள். வெளிச்சம் தாங்காமல் கண்ணை மூடி மூடித் திறந்தார் என்பதுதான் அவள் சொல்ல வந்தது. ஆங்கிலம் அறிந்தவர் அதைப் படித்தால் அர்த்தம் வேறு மாதிரி போய்விடும்.

அவளிடம் கேட்டேன். பயிற்சி நூலில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றாள். வாங்கிப் பார்த்தேன். ‘பிளிங்க்’ என்ற சொல்லுக்கு எதிரே விங்க், பிளட்டர், பிளிக்கர், டுவிங்கிள், ஸ்குவின்ட், கிளிம்ஸ் என்று வரிசையாக ஒத்த சொற்கள். எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே விளக்கம், ‘கண் சிமிட்டுதல்’. பிள்ளை மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இப்படிக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் எழுதும்.

இந்தச் சொற்களை நம் பிள்ளைகளுக்குத் தனித்தனியாக எப்படிப் புரிய வைக்கலாம்? ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான தமிழ்ச் சொல் இருந்தால் சொல்லுங்கள். மலாய்ச் சொல்லானாலும் சரி.

செம்பனை_மண்டோர் எழுதியது:

டீச்சர், இது சுலபம்தானே. ரெண்டு கண்ணும் மூடித் திறந்தால் பிளிங்க். ஒரு கண் மட்டும் என்றால் விங்க். எங்கள் காலத்துப் பள்ளியில் இப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

கண்ணாடிக்கடை_தம்பி எழுதியது:

மண்டோர் அண்ணே சொல்வது பத்தில் எட்டு தடவை சரியாக வரும். ஆனால் கண்ணை எண்ணிப் பிரிப்பதைவிட, அந்த அசைவு யார் சொல்லி நடக்கிறது என்று பார்ப்பது நல்லது. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவன். தினமும் இதைத்தான் பார்க்கிறேன்.

முகத்தில் ஒரு பக்கம் நரம்பு தளர்ந்து வாய் கோணிப் போனவர்கள் வருவார்கள். அவர்களுக்கு ஒரு பக்கத்து இமை சரியாக மூடாது. மற்றது மட்டும் மூடித் திறக்கும். பார்த்தால் ஒரு கண் அசைவுதான், ஆனால் அதை யாரும் விங்க் என்று சொல்ல மாட்டார்கள். அவர் யாருக்கும் எதுவும் சொல்ல வரவில்லை.

பிளிங்க் என்பது பெரும்பாலும் நாம் நினைக்காமலே நடப்பது. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முதல் 20 தடவை இமைப்பார். ஒவ்வொன்றும் அரை விநாடிக்கும் குறைவு. ஒவ்வொரு முறையும் இமை கண்ணீரை விழியின் மேல் மெல்லிய படலமாகப் பரப்பிவிட்டுப் போகிறது. இமை விளிம்பில் உள்ள சிறு சுரப்பிகள் எண்ணெய் சுரப்பதால்தான் அந்தப் படலம் சட்டென்று காயாமல் நிற்கிறது. புத்தகம் படிக்கும்போதும் கைப்பேசி பார்க்கும்போதும் இந்த எண்ணிக்கை நன்றாகக் குறைந்துவிடும். கண் எரிகிறது, மணல் விழுந்த மாதிரி இருக்கிறது என்று வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பதே, ராத்திரி எத்தனை மணி வரை போன் என்பதுதான்.

கைக்குழந்தைகள் நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் இமைக்கும். மடியில் போட்டுப் பார்த்தால் தெரியும், நம்மையே வைத்த கண் வாங்காமல் பார்க்கும்.

இன்னொரு வகை, கண்ணைக் காக்க வருவது. கண்ணில் தூசி பட்டாலோ, ஏதாவது சட்டென்று கண்ணை நோக்கி வந்தாலோ இமை தானாக மூடிக்கொள்ளும். செம்பனை வெட்டுகிற அண்ணன்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேலே அண்ணாந்து மட்டையை வெட்டும்போது தூளும் செதிலும் நேரே கண்ணில் விழும். இமை எவ்வளவு வேகமாக மூடினாலும் சில நேரம் தப்பிவிடும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் வெட்டாதீர்கள். கேட்ட கேள்விக்கு இது வெளியேதான், ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஆக டீச்சர், என் கணக்கு இதுதான். பிளிங்க் உடம்பு செய்வது. விங்க் ஆள் செய்வது.

பழைய_கிராணி எழுதியது:

தம்பி அழகாகச் சொன்னார். அவர் பிரித்த அதே பிரிவு தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. பிளிங்க் என்றால் இமைத்தல். விங்க் என்றால் கண்ணடித்தல். குழப்பமே ‘சிமிட்டுதல்’ என்ற சொல்லால் வருவதுதான். அது இரண்டு பக்கமும் போய் வரும். குழந்தை கண்ணைச் சிமிட்டுகிறது என்றால் இமைப்பது. அவன் கண்ணைச் சிமிட்டினான் என்றால் சாடை காட்டியது. இடம் பார்த்துப் பொருள் கொள்ளும் சொல்லை எடுத்து, இடமே இல்லாத ஒரு பட்டியலில் போட்டால் பிள்ளை என்ன செய்யும்?

‘இமை’ எவ்வளவு பழைய சொல் என்று பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லுங்கள் டீச்சர். தொல்காப்பியர் எழுத்து ஒலிக்கும் நேரத்தை அளக்க வந்தபோது, ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்றார். ஒரு தடவை கண் இமைக்கும் நேரம், அல்லது ஒரு தடவை விரலை நொடிக்கும் நேரம், அதுதான் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. கடிகாரம் இல்லாத காலத்தில் எல்லாரிடமும் இருக்கும் அளவுகோலாக அவர் கண்ணையும் விரலையும் எடுத்துக்கொண்டார்.

தேவர்களுக்கு ‘இமையவர்’ என்று பேர். இமைக்காதவர்கள் என்று பொருள். நளன் கதையில் இதை வைத்தே ஒரு பெரிய சிக்கல் தீர்கிறது. தமயந்தியின் சுயம்வரத்துக்கு இந்திரன், அக்கினி, யமன், வருணன் நால்வரும் நளனைப் போலவே உருமாறி வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எவன் மனிதன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நளவெண்பாவில் புகழேந்திப் புலவர் மூன்று அடையாளம் சொல்கிறார். கண் இமைக்கிறது, கால் தரையில் படுகிறது, மாலை வாடுகிறது. இந்த மூன்றும் உள்ளவன் நளன். தமயந்தி கையில் மாலையோடு நிற்கும் அந்த இடத்தைக் கதையாகச் சொன்னால், இமைப்பது தானாக நடப்பது, மனித உடம்புக்கு உரியது என்று பிள்ளைகள் மனதில் ஆழமாகப் பதியும். பிறகு பிளிங்க் எங்கே போடுவது என்று மறக்காது.

தோட்டத்து_அம்மா எழுதியது:

டீச்சர், ஒரு சந்தேகம். எங்கள் பக்கத்தில் கண்ணடித்தல் என்றாலே ஒரு மாதிரியான சொல். பையன் ஒரு பெண்ணைப் பார்த்துக் கண்ணடித்தான் என்றால் லயமே பேசும். வயசுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னால் பின் வரிசையில் சிரிப்பு கிளம்பும். என் மகளும் உங்கள் வகுப்பு மாதிரி ஒன்றில்தான் படிக்கிறாள், அதனால் கேட்கிறேன். வேறு சொல் இல்லையா?

பழைய_கிராணி எழுதியது:

நியாயமான கேள்வி அம்மா. இங்கிலீஷ் விங்க் நம் கண்ணடித்தலைவிட அகலமானது என்பதும் உண்மை. தாத்தா பேரனுக்கு ரகசியமாக மிட்டாய் கொடுத்துவிட்டு, உங்கம்மாவிடம் சொல்லாதே என்று ஒரு கண்ணை மூடிக் காட்டுவார். அதுவும் விங்க்தான். விளையாட்டுக்குச் சொன்னேன், நிஜமென்று எடுத்துக்கொள்ளாதே என்று தோழர்கள் செய்துகொள்வதும் விங்க்தான். அதற்கெல்லாம் தமிழில் ‘கண்சாடை காட்டினார்’ என்பது பொருந்தும். சாடை என்றாலே ஒரு சேதி போகிறது என்று அர்த்தம் வந்துவிடுகிறது. ஆனால் கண்சாடை என்பதில் இரண்டு கண்ணாலும் ‘அங்கே போ’ என்று காட்டுவதும் அடங்கும். அதனால் ‘ஒரு கண்ணை மூடிச் சாடை காட்டுதல்’ என்று முழுசாகவே சொல்லிவிடலாம். நீளமாக இருந்தால் என்ன, தெளிவாக இருக்கிறதே.

ஆற்றோரம் எழுதியது:

நான் கோலசிலாங்கூர் பக்கம். மலாய் வழியாகப் போனால் உங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் சுலபம் டீச்சர், ஏனென்றால் அவர்கள் அந்தச் சொற்களைத் தினமும் பள்ளியில் கேட்கிறார்கள்.

இமைப்பதற்குக் கெலிப், கெர்டிப். ஒரு கண்ணை மூடிச் சாடை காட்டுவதற்குக் கெஞிட். ஓரக்கண்ணால் பார்ப்பதற்கு ஜெலிங். பிளிங்க் செய்ததைக் கெஞிட் என்று மலாயில் எந்தப் பிள்ளையும் எழுதாது. மலாயில் தெளிவாக இருக்கிற பிரிவை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

கெலிப் என்றதும் எங்கள் ஊரைச் சொல்லாமல் இருக்க முடியாது. மின்மினிப் பூச்சிக்கு மலாயில் கெலிப்-கெலிப். கம்போங் குவாந்தானில் ராத்திரி சம்பான் படகில் ஏறினால், ஆற்றோரத்தில் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து எல்லாம் ஒரே நேரத்தில் மின்னி ஒரே நேரத்தில் அணையும். ஆண் பூச்சிகள் பெண் பூச்சிகளை அழைக்க அப்படிச் செய்கின்றன. உங்கள் ஊர் வழியாக வருகிற அதே சிலாங்கூர் ஆறுதான் இங்கே கடலுக்குப் போகிறது. பிள்ளைகளை ஒரு தடவை கூட்டி வாருங்கள். கண் இமைப்பதற்கும் ஒளி விட்டு விட்டு எரிவதற்கும் ஒரே சொல் ஏன் என்று அங்கே நின்றால் விளக்கம் தேவைப்படாது.

பட்டணத்து_மாணவன் எழுதியது:

ஆற்றோரம் அண்ணே, ஆங்கிலத்திலும் அப்படியேதான்! பிளிங்க் என்ற சொல்லுக்கு உறவான டச்சு, ஜெர்மன் சொற்களுக்கு ஒளி மின்னுவது என்றுதான் பொருள். இன்றைக்கும் மோடம் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் பிளிங்க் என்கிறோம். விங்க் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் கண்களை மூடுவதையே குறித்தது. அதனால்தான் ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லை என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஒரு விங்க்கூட இல்லை’ என்ற மரபு இருக்கிறது. நாம் ‘பொட்டுக்கூடக் கண் மூடவில்லை’ என்கிற இடம்.

சபைப்_பாடகி எழுதியது:

நேரத்தைக் குறிப்பதற்கு நானும் ஒன்று சேர்க்கிறேன். 1611இல் வந்த ஆங்கில வேதாகமத்தில், கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 15ஆம் அதிகாரத்தில், கண்ணின் ‘டுவிங்கிளிங்’ என்று வருகிறது. நம் தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் ‘ஒரு நிமிஷத்திலே, ஒரு இமைப்பொழுதிலே’ என்று படிக்கிறோம். அந்தப் பட்டியலில் டுவிங்கிள் ஏன் இருக்கிறது என்று இப்போதுதான் விளங்குகிறது.

பழைய_கிராணி எழுதியது:

சகோதரி, அந்த ‘நிமிஷம்’ வடமொழியில் கண் இமைப்பதைக் குறிக்கும் சொல். ஆக அந்த வரியில் இரண்டு சொல்லும் ஒன்றையே சொல்கின்றன. கடிகாரம் வந்த பிறகுதான் நிமிஷம் 60 விநாடியாக நீண்டது. மலாயில் ‘செகெஜாப்’ என்கிறோமே, கொஞ்சம் பொறு என்பதற்கு, அந்தக் கெஜாப்பும் கண் இமைப்புதான். தோட்டத்தில் நாள் முழுக்க ‘கெஜாப், கெஜாப்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள் டீச்சர், கண் அகல விரியும்.

டியூஷன்_டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இமைத்தல், ஒரு கண்ணால் சாடை காட்டுதல் என்று பிரித்துவிட்டேன். மற்றச் சொற்களை இப்படி எழுதி வைத்திருக்கிறேன், சரியா பாருங்கள்.

பிளட்டர் என்றால் இமை படபடப்பது. மயக்கம் தெளிகிறவருக்கு, தூக்கத்தில் கனவு காண்கிறவருக்கு வரும். பிளிக்கர் கண்ணைவிட விளக்குக்கே பொருந்தும், காற்றில் மெழுகுவர்த்தி நடுங்குவது மாதிரி; முகத்தில் ஓர் உணர்ச்சி வந்த வேகத்தில் மறைந்தாலும் சொல்லலாம். டுவிங்கிள், நட்சத்திரம் மினுங்குவது. சந்தோஷத்தில் கண் மின்னுவதும் அதுவே, இமை அசைய வேண்டியதே இல்லை. ஸ்குவின்ட், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது. கிளிம்ஸ் இந்தக் கூட்டத்திலேயே சேராது. அது இமையின் வேலையே இல்லை, சட்டென்று ஒன்று கண்ணில் பட்டு மறைவது. அந்தச் சொல்லை நூலில் கோடு போட்டு அடிக்கச் சொல்லிவிடுவேன்.

‘பேட்’ என்று ஒன்று பட்டியலில் இல்லை, ஆனால் கதைகளில் அடிக்கடி வருகிறது. இமையை ‘பேட்’ செய்யவில்லை என்பார்கள். அதற்கு நம் ‘கண் கொட்டாமல்’ சரியாக வருமா?

கண்ணாடிக்கடை_தம்பி எழுதியது:

ஸ்குவின்ட்டுக்கு ஒரு வார்த்தை டீச்சர். மருத்துவத்தில் அது மாறுகண்ணைக் குறிக்கும் சொல்லும்கூட. வெயிலில் கண்ணைச் சுருக்குவது வேறு, மாறுகண் வேறு. பிள்ளைக்கு இரண்டும் தெரிந்திருக்கட்டும். சின்னப் பிள்ளைக்கு மாறுகண் தெரிந்தால் வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாமல் சீக்கிரம் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். விட்டுவிட்டால் அந்தக் கண்ணின் பார்வையே மங்கிப்போகலாம்.

பழைய_கிராணி எழுதியது:

‘கண் கொட்டாமல்’ வராது டீச்சர். சொல்லாகப் பார்த்தால் அச்சாக ஒன்று போலத்தான் தெரியும். கொட்டுவதும் இமையைத்தான், பேட் செய்வதும் இமையைத்தான். ஆனால் பொருள் எதிர்ப்பக்கம் போகிறது. தேர்த் திருவிழாவில் ரதத்தைக் கண் கொட்டாமல் பார்த்தான் என்றால் அதில் அவன் முழுசாக லயித்துவிட்டான். ஆங்கிலத்தில் ஒருவன் இமையை ‘பேட்’ செய்யவில்லை என்றால், அதிர்ச்சியான சேதியைக் கேட்டும் அவன் கொஞ்சமும் அசரவில்லை. ஒன்று ஈடுபாடு, ஒன்று அசையாமை. ‘அலட்டிக்கொள்ளவே இல்லை’ என்று எழுதிக் கொடுங்கள், பிள்ளைக்குச் சரியாகப் போய்ச் சேரும். ஒத்த சொல் தேடும்போது உருவத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பட்டணத்து_மாணவன் எழுதியது:

யார் முதலில் பிளிங்க் செய்தார் என்றொரு பிரயோகமும் உண்டு. போட்டியில் முதலில் பின்வாங்கியவர் என்று பொருள். 1962இல் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைத்த நெருக்கடியின்போது, நேருக்கு நேர் கண்ணோடு கண் பார்த்து நின்றோம், எதிராளி இப்போது இமைத்துவிட்டான் என்று நினைக்கிறேன் என்கிற கருத்தில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் சொன்னார். இன்றும் செய்திகளில் இந்தப் பிரயோகத்தைப் பார்க்கலாம். இதற்குத் தமிழில் ஏதாவது உண்டா கிராணி ஐயா?

பழைய_கிராணி எழுதியது:

வள்ளுவரிடம் இருக்கிறது தம்பி. படைச்செருக்கு அதிகாரம், 775ஆம் குறள்.

விழித்தகண் வேல்கொண் டெறிய அழித்திமைப்பின்
ஓட்டன்றோ வன்க ணவர்க்கு.

பகைவனைச் சினந்து பார்த்த கண், அவன் வேலை எறிகிறபோது இமைத்துவிட்டால், வீரனுக்கு அதுவே தோற்று ஓடியதற்குச் சமம் என்கிறார். கண்ணாடிக்கடைத் தம்பி சொன்னாரே, ஏதாவது கண்ணை நோக்கி வந்தால் இமை தானாக மூடும் என்று, அந்தத் தானாக மூடுவதையே வீரன் அடக்க வேண்டுமாம். எவ்வளவு கடுமையான அளவுகோல் பாருங்கள். டீன் ரஸ்க் சொன்னதும் இதே இடம்தான்.

கண்ணாடிக்கடை_தம்பி எழுதியது:

ஐயா, அடக்குவது இருக்கட்டும், இமைப்பதையே பேச்சாக்கியவர் ஒருவர் இருக்கிறார். வியட்நாம் போரில் பிடிபட்ட அமெரிக்கக் கடற்படை விமானி ஜெரமையா டென்டன். 1966இல் அவரைத் தொலைக்காட்சிப் பேட்டிக்கு உட்கார வைத்தார்கள். விளக்கு வெளிச்சம் கூசுகிற மாதிரி கண்ணை மூடி மூடித் திறந்து, மோர்ஸ் தந்தி எழுத்தில் ‘சித்திரவதை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சொன்னார். பார்த்தவர்களுக்கு வெறும் இமைப்பு, தெரிந்தவர்களுக்குச் சேதி. நான் மேலே பிளிங்க் உடம்பு செய்வது என்று சொன்னதற்கு இது ஒரு பெரிய விலக்கு.

தோட்டத்து_அம்மா எழுதியது:

அப்படியென்றால் அவர் செய்தது பிளிங்க்கா, விங்க்கா? சேதி சொன்னாரே?

டியூஷன்_டீச்சர் எழுதியது:

அம்மா, பிளிங்க் என்றுதான் எழுத வேண்டும். இரண்டு கண்ணாலும் இமைத்தார். வெளியே பார்க்கிறவருக்கு அது சாதாரண இமைப்பாகவே தெரிய வேண்டும் என்பதுதான் அவர் திட்டம். விங்க் என்றால் எதிரில் இருப்பவருக்கு அது சாடை என்று தெரிந்தே தீரும். தம்பி சொன்ன கணக்கில் நான் ஒரு திருத்தம் போட்டுக்கொள்கிறேன். வேண்டுமென்றே செய்தாரா என்று மட்டும் பார்க்காமல், எந்த உருவத்தில் செய்தார் என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்த வகுப்புக்கு இந்தப் பயிற்சியைத் தயார் செய்திருக்கிறேன். கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும், பட்டியலே கொடுக்கப் போவதில்லை.

பால் வெட்டப் போன பாட்டியின் நெற்றி விளக்கு முகத்தில் அடித்ததும் பேரன் ______.
தாத்தா காசை என் பையில் போட்டுவிட்டு அம்மாவுக்குத் தெரியாமல் ______.
புகைமூட்டத்தில் பஸ் எண்ணைப் படிக்க அவள் கண்ணை ______.
வேலை போய்விட்டது என்ற சேதியைக் கேட்டும் அண்ணன் ______.

தமிழில் சூழலைக் கொடுத்து, நிரப்புவது ஆங்கிலத்தில். முதலில் தமிழில் என்ன நடக்கிறது என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டுப் பிறகுதான் ஆங்கிலச் சொல்லை எழுத விடுவேன்.

செம்பனை_மண்டோர் எழுதியது:

ஐந்தாவதாக இதையும் போடுங்கள் டீச்சர். ‘குலை ஏற்றிய லாரி வளைவில் திரும்பும் முன் அதன் சிக்னல் விளக்கு ______.’ ஒரு பக்கத்து விளக்கு மட்டும் எரிந்தால் பிளிங்க்கா விங்க்கா?

பட்டணத்து_மாணவன் எழுதியது:

அண்ணே, பிளிங்க் என்று எழுதினால் தாளில் மார்க் கிடைக்கும். ஆனால் பிரிட்டிஷ் பேச்சு வழக்கில் அந்த விளக்குக்கே ‘விங்கர்’ என்று ஒரு பேர் உண்டு. ஒரு பக்கம் மட்டும் எரிந்து, திரும்பப் போகிறேன் என்று பின்னால் வருகிறவருக்குச் சேதி சொல்கிறதல்லவா.

டியூஷன்_டீச்சர் எழுதியது:

சேர்த்துவிட்டேன் மண்டோர் அண்ணே. இரண்டு விடையும் ஏற்றுக்கொள்வேன், காரணத்தைச் சொன்னால்.